யோருன் போகாத கடல்

பெர்கன்
1991 மே 3

ஹில்மருக்கு,

தொலைபேசியை டொக்கென்று வைத்தது நான்தான். கை தவறி விழவில்லை, வேண்டுமென்றேதான் வைத்தேன். நீ அந்தப் பக்கம் கத்தியது பெர்கனுக்கு வயரே இல்லாமல் கேட்டிருக்கும். இனிமேல் நமக்குள் பேச்சு கடிதத்தில்தான். காகிதத்தில் கத்த முடியாது பார்.

முதலில் நலம் சொல்லிவிடுகிறேன். என் தங்கை க்ளாரா இடுப்பு அறுவைக்குப் பிறகு இப்போது கோல் ஊன்றாமல் நடக்கிறாள். ஈஸ்டருக்கு அவளைப் பார்த்துக்கொள்ள வந்தேன், இனி நான் இங்கே இருக்க அவசியமில்லை. ரயிலேறி வந்துவிடலாம். ஆனால் ரயிலில் வரமாட்டேன்.

நேற்று துறைக்குப் போனேன். கடலோரக் கப்பலில் இரண்டு பேருக்கு இடம் போட்டுவிட்டேன். ஜூன் 18 இங்கிருந்து கிளம்பி, ஊர் ஊராக நின்று, கிர்கெனேஸ் வரைக்கும் போய், அதே வழியில் திரும்பி வருகிற முழுப் பயணம். மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்துச் சம்பாதித்த என் சொந்தக் காசு. உன்னை ஒன்றும் கேட்கவில்லை.

அங்கே சீட்டுக் கொடுக்கிற பெண் கேட்டாள்: "ஜன்னல் உள்ள அறையா, உள்ளறை போதுமா?"

"ஜன்னல் வேணும்மா. எங்க வீட்டுக்காரருக்குக் கடல் தெரியலேன்னா தூக்கம் வராது."

"என்ன வேலை பாக்குறாரு?"

"மீன் பிடிக்கிறவரு. லோஃபோட்டன்ல."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மீன் பிடிக்கிறவரு கப்பல்ல சுற்றுலா வர்றாரா!"

"ஏன், ரொட்டி சுடுறவன் கேக் சாப்பிடமாட்டானா?" என்று கேட்டேன். உடனே சீட்டை எழுதினாள்.

இதைத்தான் உன்னிடம் சந்தோஷமாகச் சொல்ல வந்தேன். நீ என்ன சொன்னாய்? "காசு குடுத்துக் கடலைப் பாக்குறதுக்கு நான் என்ன பைத்தியமா?" என்றாய். அதற்குத்தான் வைத்தேன்.

பதில் எழுது. அல்லது பெட்டியைக் கட்டு. இரண்டில் ஒன்று.

யோருன்


ஸ்வோல்வேர்
1991 மே 10

யோருன்,

உன் கடிதம் வந்தது. பெட்டியைக் கட்டவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பதினாலு வயதில் இந்தக் கடலில் இறங்கினேன். பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லை வரைக்கும் எனக்குத் தெரியாத பாறை ஒன்று இருந்தால் சொல், அதற்கு என் பெயரையே வைக்கிறேன். அப்படிப்பட்டவன் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கோட்டுப் போட்ட ஒரு பையன் ஒலிபெருக்கியில் "வலப்பக்கம் பாருங்க, மலையில ஓட்டை" என்பான். உடனே நான் கழுத்தைத் திருப்ப வேண்டும். நல்ல கதை!

அதோடு படகில் ஆகாது, மீன் வராது என்று பெரியவர்கள் சொன்ன அத்தனையும் அந்தக் கப்பலில் நடக்கிறது. ஏறுகிறவன் ஒவ்வொருத்தனும் முதுகுப்பையோடு ஏறுகிறான். மாலையானால் வாஃபிள் அப்பம் சுடுகிறார்களாம், மேலே ஆட்டுப்பால் சீஸ் வேறு. விசிலடித்துக்கொண்டே தளத்தில் நடக்கிறார்களாம். என் படகில் இதில் ஒன்றைச் செய்தவனைக்கூட அடுத்த துறையில் இறக்கிவிட்டிருக்கிறேன், உனக்குத் தெரியும். காற்றைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பயணம் போவார்களா?

ஆர்ன்ட்டிடம் சொன்னேன். முப்பது வருஷம் என்னோடு வலை இழுத்தவன், அவனாவது என் பக்கம் பேசுவான் என்று பார்த்தேன். "போயிட்டு வாயேண்டா, சோறு நல்லா போடுவாங்களாம்" என்கிறான். வெட்கம் கெட்டவன்.

நீ என்னமோ உன்னை நான் மதிக்காதது மாதிரி பேசுகிறாய். படகுக்கு என்ன பெயர் வைத்தேன்? அம்மா பெயரா? பாட்டி பெயரா? யோருன். இந்தக் கரை முழுக்க எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவனுக்கெல்லாம் உன் பெயர் தெரியும். எந்தப் புருஷன் இதைவிட அதிகமாகச் செய்தான்? சொல்.

அறை எந்தப் பக்கம் போட்டிருக்கிறாய்? வடக்கே போகும்போது கரை வலப்பக்கம் வரும். இடப்பக்கம் போட்டிருந்தால் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். மாற்றச் சொல். இயந்திரத்துக்கு மேலேயும் வேண்டாம், தூங்க விடாது. நான் வருவேன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சும்மா சொன்னேன்.

ஹில்மர்


பெர்கன்
1991 மே 18

ஹில்மருக்கு,

அறையை மாற்றிவிட்டேன். வலப்பக்கம். அதற்கு நன்றி. மற்றதற்கெல்லாம் இப்போது வாங்கிக்கொள்.

நேற்று மே பதினேழு, தேசிய தின ஊர்வலம். க்ளாராவும் நானும் எங்கள் வட்டாரத்துப் பட்டு உடுப்பில், வெள்ளி ஊசி குத்திக்கொண்டு, கொடியோடு நடந்தோம். பக்கத்தில் வந்த ஒருத்தி என் உடுப்பைப் பார்த்து, "வடக்கே நார்லாண்டா? அப்ப ட்ரோல்ஃபியோர்டு பக்கமா! எப்படி இருக்கும், சொல்லுங்களேன்" என்று ஆசையாகக் கேட்டாள்.

என்ன சொல்வேன்? மலையிடுக்கில் ஒடுங்கி நுழைகிற அந்தக் கடல் நம் வீட்டிலிருந்து படகில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வருகிறவன் பார்த்திருக்கிறான். ஜப்பான்காரன் பார்த்திருக்கிறான். நான் பார்த்ததில்லை. "அழகா இருக்கும்" என்று பொய் சொல்லிவிட்டு நடந்தேன். முகமெல்லாம் எரிந்தது.

பெயர் வைத்தேன் என்கிறாய். வைத்தாய். அந்த நாளை உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. கல்யாணமான மூன்றாம் மாதம். வெள்ளைப் பெயிண்டில் என் பெயரைப் படகின் முகப்பில் எழுதி முடித்தாய். நான் பூரித்துப்போய்ப் படகில் ஏறக் காலைத் தூக்கினேன். உன் அப்பா கையைக் குறுக்கே நீட்டினார். "பொம்பளை ஏறினா மீன் வராதும்மா. கரையில நின்னு பாரு, போதும்" என்றார். நீ அங்கேயேதான் இருந்தாய். பெயிண்ட் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாய், அது ஏதோ பெரிய வேலை மாதிரி.

அவர் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. அந்தக் கை மட்டும் இன்னும் குறுக்கே நிற்கிறது. இப்போது அது உன் கை.

என் பெயர் டிரோம்சோ போயிருக்கிறது, வார்டோ போயிருக்கிறது, நாட்டின் வடமுனையைச் சுற்றி வந்திருக்கிறது. என் பெயர் போன இடத்துக்கெல்லாம் நான் போகவில்லை, ஹில்மர். நான் துறையில் நின்றேன். குளிரில் நின்றேன், வயிற்றில் பிள்ளையோடு நின்றேன், புயல் செய்தி கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு மெத்தை நாற்காலி வேண்டாம். வாஃபிளும் வேண்டாம். நீ பார்த்ததை உன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உன் படகில் முடியாது என்றாய். சரி, யாருக்கும் தடை இல்லாத கப்பலில் போகலாம் என்றேன். அதையும் கேலி செய்தாய்.

இனி கெஞ்சமாட்டேன். வந்தால் வா. இல்லாவிட்டால் நான் தனியாகப் போகிறேன்.

யோருன்


ஸ்வோல்வேர்
1991 மே 27

யோருன்,

போகிறதென்றால் ஒழுங்காகப் போ. அரைகுறையாகப் பார்த்துவிட்டு வந்து நாலு பேரிடம் தப்பாகச் சொன்னால் எனக்குத்தான் கேவலம்.

முதல் இரவு ஒன்றுமில்லை, தீவுகளுக்கு நடுவே போகும். ஸ்டாட் முனையில் மறைப்பே கிடையாது, திறந்த கடல் நேராக விலாவில் அடிக்கும். காலியாக இருக்கும் வயிறுதான் முதலில் புரளும், அதனால் உலர்ந்த ரொட்டி தின்றுவிட்டுக் கப்பலின் நடுப்பகுதியில் நில். அடிவானத்தைப் பார். பக்கத்தில் வாந்தியெடுப்பவனைப் பார்க்காதே.

ஓலசுண்ட் ஊரைத் துறையில் இறங்கியதும் பார்க்காதே. மேலே குன்றில் ஏறிப் பார். உன் முட்டிக்கு அது ஆகுமா என்று தெரியவில்லை, மெதுவாக ஏறு. டிரோண்ட்ஹைமில் கப்பல் வெகுநேரம் நிற்கும், பேராலயத்துக்குப் போ. எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம், தப்பில்லை.

அந்த ஓட்டை மலை வரும்போது எல்லோரும் ஒரே பக்கம் ஓடுவார்கள். நீ ஓடாதே. கப்பல் அதைத் தாண்டித் திரும்பும்போதுதான் ஓட்டை வழியாக வானம் தெரியும். அதற்குள் இவர்கள் காப்பி குடிக்கப் போயிருப்பார்கள். ஏழு சகோதரிகள் மலையில் நிஜமாகவே ஏழு சிகரம் இருக்கிறதா என்று எண்ணாதே, பனி இருந்தால் ஆறுதான் தெரியும். பனிக்கட்டி ஆறு ஒன்று மலையிடுக்கில் கடலைத் தொடுகிற மாதிரி இறங்கியிருக்கும், அந்த நீல நிறம் வேறெங்கும் கிடையாது.

பூதோவை விட்டுக் கிளம்பியதும் அறைக்குள் போய்விடாதே. இதை மட்டும் கேள். முன்தளத்தில் நில். லோஃபோட்டன் மலை முழுசும் ஒரே சுவராகக் கடலிலிருந்து எழும்பி வரும். அந்தச் சுவரின் அடியிலேயே வாழ்ந்தவள் நீ. அதன் முகத்தை நீ பார்த்ததே இல்லை. மாதக்கணக்கில் வடக்கே கிடந்துவிட்டு வரும்போது அதைப் பார்த்தால் படகின் வேகத்தைக் குறைத்துவிடுவேன். ஆர்ன்ட்டுக்குத் தெரியாமல் மூக்கைச் சிந்திக்கொள்வேன்.

டிரோம்சோவில் வேட்டைக்காரர்கள் குடிக்கிற இடத்தில் நீ ஒரு பீர் குடிக்கலாம், நான் சொன்னேன் என்று சொல். வார்டோவில் காற்று ஆளைத் தூக்கும், தொப்பியைக் கட்டிக்கொள்.

அப்பா கையைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுத மூன்று தாள் கிழித்தேன். வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

நான் வரமாட்டேன்.

ஹில்மர்


பெர்கன்
1991 ஜூன் 4

ஹில்மருக்கு,

உன் கடிதத்தைக் க்ளாராவுக்குப் படித்துக் காட்டினேன். தையல் பிரிந்துவிடும் போல் சிரித்தாள்.

"அக்கா, இவ்வளவு எழுதுனவரு வராமயா இருப்பாரு?"

"வரமாட்டாரு. வாய்தான் வடமுனை வரைக்கும் போகும், காலு வீட்டு வாசலைத் தாண்டாது."

"அப்ப அந்த ரெண்டாவது படுக்கையை எனக்குக் குடுத்துடேன்!"

கொடுக்கவில்லை. உன் இடத்தில் இன்னொருவரைப் படுக்க வைக்கிற அளவுக்கு எனக்குக் கோபம் வரவில்லை. உன் இடம் காலியாகவே வரட்டும். அதைப் பார்த்துக்கொண்டே நான் உலர்ந்த ரொட்டி தின்பேன்.

21ஆம் தேதி மாலை கப்பல் நம் துறைக்கு வருகிறது. நான் மேல்தளத்தில் நிற்பேன். நீ வருகிறாயா என்று எட்டிப் பார்க்கமாட்டேன். என்னைப் பெற்றவளும் திமிர்க்காரி, தெரியுமல்லவா.

யோருன்


ஸ்வோல்வேர்
1991 ஜூன் 11

யோருன்,

பதில் வந்துவிட்டது.

போன வாரம் முழுக்கப் படகில்தான் இருந்தேன். பலகை சுரண்டி, பச்சை அடித்து, உன் பெயரைப் புதிதாக எழுதினேன். ஆர்ன்ட் கரையில் உட்கார்ந்துகொண்டு, "ஏண்டா, சீசனே முடிஞ்சிருச்சு, யாருக்குடா இந்த அலங்காரம்?" என்றான்.

"யோருன் ஏறப்போறா."

"யாரு, பொம்பளையா? படகுலயா? உங்கப்பா எந்திரிச்சு வந்துருவாருடா!"

"வரட்டும். வந்தா நான் பேசிக்கிறேன். படகு என்னுது, பொண்டாட்டி என்னுது. உனக்குப் பயமா இருந்தா நீ கரையில நில்லு."

இதை அன்றைக்கே, பெயிண்ட் டப்பா கையில் இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்லிவிட்டேன். துறையே கேட்கச் சொன்னேன்.

ஆகவே இப்படிச் செய். 21ஆம் தேதி ஸ்வோல்வேரில் பெட்டியோடு இறங்கிவிடு. அங்கேயே படகைக் கட்டி வைத்திருப்பேன். நேராக ட்ரோல்ஃபியோர்டுக்குப் போகிறோம். அந்தப் பெரிய கப்பல் உள்ளே நுழைந்து திரும்புவதற்கே திண்டாடும். நான் உன்னைப் பாறையைத் தொடுகிற தூரத்துக்குக் கொண்டுபோவேன். இந்த மாதம் சூரியன் படுப்பதில்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். மிச்சப் பயணத்தை விட்டுத்தள்ளு. கிர்கெனேஸில் என்ன வைத்திருக்கிறார்கள், இரும்புச் சுரங்கம்தான்.

என்னைப் பெற்றவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஆனாலும் நான் இறங்கி வந்துவிட்டேன். போதுமா?

ஹில்மர்


கப்பலில், ஓலசுண்ட் நெருங்கும்போது
1991 ஜூன் 19

ஹில்மருக்கு,

உன் கடிதம் கிளம்புவதற்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. க்ளாரா வீட்டுச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். துறையே கேட்கச் சொன்னாய் என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே.

ஆனால் ஸ்வோல்வேரில் இறங்கமாட்டேன்.

கோபத்தில் சொல்லவில்லை. கேள். இன்று காலை ஸ்டாட் முனையைத் தாண்டினோம். நீ சொன்னது அத்தனையும் நடந்தது. சாப்பாட்டு அறையில் தட்டுகள் சறுக்கின, ஜெர்மன்காரர்கள் முகம் வெளிறி வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் நடுவில் நின்று, அடிவானத்தைப் பார்த்து, பிறகு உள்ளே போய் ஹெர்ரிங் மீனோடு முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். பரிமாறுகிற பெண் வாயைப் பிளந்தாள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? எனக்கும் கடல் ஒத்துக்கொள்கிறது, ஹில்மர்! இந்த வயதில்தான் எனக்கே தெரிகிறது.

என் மேசையில் ஓலசுண்ட்காரர் ஒருத்தர், பெயர் இங்வால்ட். கையைப் பார்த்ததுமே தெரிந்தது, வலை இழுத்த கை. என் பெயரைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"யோருனா? லோஃபோட்டன் யோருனா? பச்சைப் படகு?"

"ஆமா. எங்க வீட்டுக்காரரோடது."

"அம்மா, ஃபின்மார்க் பக்கம் ஒரு மார்ச் மாசம் எங்க எஞ்சின் நின்னுபோச்சு. பாறைப் பக்கமா இழுத்துட்டுப் போவுது. ரேடியோவுல கத்துறோம், யாரும் இல்ல. அப்ப ஒரு கொரல் வந்துச்சு. 'யோருன் வர்றா, பயப்படாதீங்க. யோருன் வந்துட்டா.' அந்தாளு கடைசி வரைக்கும் தன் பேரைச் சொல்லவே இல்ல. கயித்தைப் போட்டு இழுத்துக் கரைசேத்துட்டுப் போயிட்டாரு. எங்க ஊட்டுல இன்னிக்கும் உங்க பேரைச் சொல்லுவாங்க."

நீ இதை என்னிடம் சொன்னதே இல்லை! ஊருக்குள் இத்தனை வாய் பேசுகிறவன், இதை மட்டும் ஏன் விழுங்கினாய்? நீ என் புருஷன் என்ற பெருமையில் அந்த மேசையில் உட்கார எனக்கு இடமே போதவில்லை.

அதனால்தான் இறங்கமாட்டேன். யோருன் வார்டோவைப் பார்த்திருக்கிறாள் என்று இவரைப் போன்றவர்கள் சொல்கிறார்கள். அந்த யோருன் நானாக வேண்டும். காற்றில் தொப்பியைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இரும்புச் சுரங்கமானாலும் கிர்கெனேஸைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். 27ஆம் தேதி மாலை கப்பல் மறுபடி நம் துறைக்கு வரும். அப்போது இறங்கி உன் படகில் ஏறுகிறேன். பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கமாட்டேன், சுக்கானை என் கையில் தர வேண்டும்.

21ஆம் தேதி நீ துறைக்கு வா. இத்தனை வருஷம் நான் நின்றேன். இந்த ஒரு தடவை நீ நின்று என்னை வழியனுப்பு.

யோருன்


ஸ்வோல்வேர்
1991 ஜூன் 22

யோருன்,

இதை விமானத் தபாலில் கிர்கெனேஸ் துறைக்கு, உன் கப்பலின் பெயருக்கு அனுப்புகிறேன். அங்கே கையில் கொடுப்பார்கள்.

மேல்தளத்திலிருந்து உனக்கு எவ்வளவு தெரிந்தது, எவ்வளவு தெரியவில்லை என்று எனக்குத் தெரியாது. அதனால் இங்கிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

சீக்கிரமே வந்துவிட்டேன். சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தேன். ஆர்ன்ட் சொல்லிவிட்டான் போலிருக்கிறது, பாதித் துறை கூடிவிட்டது. "என்ன ஹில்மர், பொண்டாட்டி கப்பலேறிட்டா, நீ கரைல நிக்கிற?" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். "ஆமா, நிக்கிறேன். உனக்கென்ன?" என்றேன்.

கப்பல் கட்டியதும் சுற்றுலாக்காரர்கள் இறங்கி வந்தார்கள். ஒரு ஜெர்மன்காரி என் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டினாள், உள்ளூர் மீனவன் படம் வேண்டுமாம். "என்னை ஏம்மா எடுக்குற? மேல பாரு, நீலக் கோட்டு, காத்துல முடி பறக்குதே, அவளை எடு. அவதான் யோருன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஆனால் திரும்பி உன்னை எடுத்தாள். நீ ராணி மாதிரி நின்றாய்.

"பெயிண்ட் காஞ்சிருச்சா?" என்று மேலிருந்து கத்தினாயே, துறையே சிரித்தது. "காஞ்சிருச்சு" என்றேன்.

கயிறு அவிழ்த்தார்கள். கப்பலுக்கும் துறைக்கும் நடுவே முதலில் ஒரு கையகலம் தண்ணீர் தெரிந்தது. அப்புறம் தாண்ட முடியாத அளவு ஆகிவிட்டது. அந்த நேரத்தில் நான் துறையின் விளிம்பு வரைக்கும் போய்விட்டேன், யோருன். கடலில் எத்தனையோ புயல் பார்த்தவன், கல் பாவிய தரையில் கயிறு கட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆர்ன்ட், "வாடா, வீட்டுக்குப் போவோம்" என்றான். "இன்னும் தெரியுதுடா" என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடி கூப்பிட்டான். "நீ போ" என்றேன். கப்பல் முனையைத் திரும்பி, புகை மட்டும் மலைக்கு மேல் நின்று, அதுவும் கலைந்த பிறகும் நின்றேன். படகு துறையை விட்டதும் நீங்களெல்லாம் வீட்டுக்குப் போய்விடுவீர்கள் என்றுதான் இதுநாள்வரை நினைத்திருந்தேன். நீ எவ்வளவு நேரம் நிற்பாய்? கேட்டதே இல்லையே நான். கிளம்பினால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். ஒரு தடவைகூட நான் திரும்பிப் பார்த்ததில்லை. நீ நேற்று முனை திரும்புகிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு போனாய், கையை இறக்கவே இல்லை.

என் மனைவி வடமுனைக்குப் போகிறாள். காலையிலிருந்து கடைக்காரனிடமும் தபால்காரனிடமும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்டாட்டில் முழுச் சாப்பாடு சாப்பிட்டவள் என்றும் சேர்த்துச் சொல்கிறேன். சுக்கான் உன் கையில்தான். அதில் மாற்றமில்லை, படகு எங்கேயும் போகாது.

ஆனால் உன் சீட்டு பெர்கன் வரைக்கும் இருக்கிறது. பாதியில் விட்டால் அது முழுப் பயணமாகாது. என் படுக்கையை யாருக்கும் கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தாய். 27ஆம் தேதி மாலை பெட்டியோடு துறையில் இருப்பேன்.

இறங்காதே. நான் ஏறுகிறேன்.

ஹில்மர்